பூஜ்யத்தை ஒன்றாக்கியவள்

அண்ணி லாரி ஓட்டுவாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நிஜ லாரி இல்லை, விளையாட்டு லாரி. கூடத்து மூலையில், துணி காயப்போடும் கம்பியை ஒட்டி இருக்கும் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. பகல் முழுக்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்று, சீட்டை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவள், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்போது வீடே தீப்பிடித்தாலும், வண்டியை ஓரங்கட்டி இண்டிகேட்டரை அணைத்த பிறகுதான் எழுந்திருப்பாள் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அவளைப் போல் ஓட்டுகிறவர்கள் அறுபது பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தார்கள். நேரில் பார்த்துக்கொண்டதில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். குழுவை நடத்துகிறவர் மேஸ்திரி. நிதானமாக ஓட்டுகிற அண்ணிக்கு நத்தை என்று பெயர். அந்த விளையாட்டில் மாட் என்ற குட்டி நிரல்கள் சிலதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மாட் போட்டால் டீசல் தீராது, இன்னொன்று போட்டால் எங்கே மோதினாலும் வண்டிக்குக் கீறல் விழாது. மாட் எதையும் தொடாமல், எங்கும் இடிக்காமல் முந்நூறு சரக்கு இறக்கியவர்தான் குழுவின் ஊர்வலத்தில் முதல் வண்டி ஓட்டலாம் என்பது சட்டம். அண்ணி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்.

"முன்னாடி ஒரு வண்டியும் இருக்காது. வெறும் ரோடு மட்டும்தான்," என்றாள் சாப்பிடும்போது.

"வீட்லயும் அப்படித்தானே. நானே உன் பின்னாடிதான வர்றேன்," என்றான் அண்ணன்.

"நீங்க பாதி வழியில நின்னுபோன வண்டி. உங்களக் கயிறு கட்டி இழுத்துட்டு வர்றேன்."

சின்னவள் சிரித்தாள். அண்ணனின் தங்கை அவள். குடிதண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்தச் செவ்வாய் மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லாதபோது அவளும் லாரி ஓட்டிப் பார்க்க நினைத்தாள்.

புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி ஓட்டியிருக்கலாம். ஆனால் புதியவர்களுக்கு ஒரு ஓட்டை வேன்தான் கொடுப்பார்கள். அண்ணியின் சிவப்பு லாரி, பதினாறு சக்கரம், ஒரு வருஷ உழைப்பு. அதில்தான் ஆசை. அண்ணி அதற்குப் பாஸ்வேர்டு எதுவும் வைத்ததில்லை. இடித்துவிட்டால் அண்ணியின் பதிவு கெட்டுவிடுமே என்ற பயமும் இருந்தது. அதனால்தான் கீறல் விழாத மாட்டைத் தேடி இணையத்திலிருந்து இறக்கினாள். பிறர் பொருளை எடுக்கும்போதும் பத்திரமாக எடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி அவள்.

விளையாட்டின் திரையில் மாட்டுக்கென்று பொத்தான் எதுவும் இல்லை. விளையாட்டின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் என்ற கோப்பைத் திறந்து மாற்ற வேண்டும் என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க் கண்டுபிடித்தாள். நோட்பேடில் திறந்தால் முந்நூறு வரிக்கு மேல். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தாள். லேப் பழக்கம். பிறகு தேடு பெட்டியில் மாட் என்று அடிக்க, நேராக அந்த வரியில் போய் நின்றது. எதிரே பூஜ்யம். அதை ஒன்றாக்கிச் சேமித்தாள்.

இருபது நிமிஷம் ஓட்டினாள். தடுப்புச் சுவர், விளக்குக் கம்பம், இரண்டு கார் எல்லாவற்றிலும் மோதினாள். லாரி புத்தம் புதிதாக மினுங்கியது. வந்த காரியம் முடிந்ததும் மாட்டை அழித்து, நகலைப் பழைய இடத்தில் வைத்தாள். நாற்காலியைக்கூட அண்ணியின் உயரத்துக்கு இறக்கி வைத்தாள்.

வியாழக்கிழமை அண்ணி முந்நூறாவது சரக்கை இறக்கினாள். "ஞாயித்துக்கிழமை காலையில மேஸ்திரி என் பதிவ முழுசாப் பாப்பாரு. அப்புறம் நான்தான் முதல் வண்டி," என்றாள்.

பதிவு என்றதும் சின்னவளுக்குச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. அண்ணி குளிக்கப் போன சமயம் கோப்பைத் திறந்தாள். அந்த வரிக்கு மேலேயே இரண்டு வரி எழுதியிருந்தது: இதை ஒருமுறை மாற்றினாலும் ஓட்டுநரின் பதிவில் நேரத்தோடு குறி விழும், பிறகு எதைச் செய்தாலும் அது அழியாது. அன்றைக்குத் தேடு பெட்டி நேராகக் கீழே கொண்டுபோய் விட்டதால் அவள் மேலே பார்க்கவில்லை. லேபில் ஒவ்வொரு புட்டியின் லேபிளையும் இரண்டு முறை படிப்பவள்.

சொல்ல இரண்டரை நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அண்ணிக்குத் தலைவலி, சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணி சந்தோஷமாக இருந்தாள், அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமை பாத்திரம் துலக்கும்போது வாய் வரைக்கும் வந்தது. "என்னடி, சோப்பையே வெறிச்சுப் பாக்கற? யாரையாவது புடிச்சிருக்கா?" என்று அண்ணி கேட்டாள். "இல்லண்ணி" என்றாள். ஒருவேளை மேஸ்திரி கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று மனசு அவளுக்கு வக்காலத்து வாங்கியது.

ஞாயிறு காலை பத்து மணி. எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணி ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். அண்ணன் பேப்பரோடு சோபாவில் இருந்தான். சின்னவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் குரல் தயங்கியது. "நத்தை அக்கா, ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமை மூணு பத்துக்கு மாட் போட்டு ஓட்டியிருக்கீங்க."

"நானா? அந்த நேரம் நான் கவுண்டர்ல நின்னுட்டிருந்தேன்."

"பதிவு சொல்லுதுக்கா."

"நத்தை ராக்கெட்ல ஏறிடுச்சுபோல," என்றது வேறொரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணியின் காது மடல் சிவந்தது.

"வீட்ல வேற யாராவது தொட்டிருப்பாங்களா?"

"என் வீட்டுக்காரருக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்கத் தெரியாது. நாத்தனார் இருக்கா. ஆனா அவ லேப்ல வேலை பாக்கறவ. அடுத்தவங்க பேனாவக்கூடக் கேக்காம எடுக்க மாட்டா. அவ இல்ல. உங்க பதிவுலதான் ஏதோ தப்பு."

சின்னவள் கையில் அண்ணியின் ஆஸ்பத்திரி கோட்டு பாதி மடித்தபடி இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் அண்ணி பொய்க்காரியாகிவிடுவாள். சும்மா இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான்தான்," என்றாள். மைக்குக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து மறுபடி சொன்னாள். "நாத்தனார் பேசறேன். நான்தான் ஃபைல மாத்தினேன். அண்ணிக்குத் தெரியாது."

அண்ணன் பேப்பரை இறக்கினான்.

"அக்கா, உங்க பேருக்கு ஒண்ணும் இல்ல. அத எல்லாரும் கேட்டுட்டாங்க," என்றார் மேஸ்திரி. "ஆனா குறி விழுந்தது விழுந்ததுதான். மறுபடி முதல்லேர்ந்துதான் ஓட்டணும். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"சட்டம்னா சட்டம்தான் மேஸ்திரி."

"இன்னைக்கு வரிசையில வர்றீங்களா? கடைசி இடம்தான் காலி."

"வர்றேன்."

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஊர்வலம் ஒன்றரை மணி நேரம் போனது. திரையில் முன்னால் போகும் லாரியின் பின்கதவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அது பிரேக் போட்டால் அண்ணியும் போட்டாள். ஒருமுறைகூட இடைவெளி தவறவில்லை. சின்னவள் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"விளையாட்டுதான, விடு," என்று அண்ணன் மெல்லச் சொன்னான். இரண்டு பேருமே அவனைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் அண்ணி ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

"செவ்வாக்கிழமை செஞ்சது. அஞ்சு நாளா என்கூடத்தான உக்காந்து சாப்பிட்ட?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"லாரிதான வேணும், கேட்டிருந்தா நானே பக்கத்துல உக்காந்து ஓட்ட வச்சிருப்பேன்." திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, அந்தப் பக்கம் திரும்பு. பாஸ்வேர்டு போடணும்."

சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினாள். ஒன்பது. பிறகு புதியவர்களுக்குக் கொடுக்கும் ஓட்டை வேனின் இன்ஜின் சத்தம் கேட்டது. திரும்பலாம் என்று அண்ணி சொல்லவில்லை. அவளும் திரும்பவில்லை.