டாயில் மச்சானின் பாக்கெட் பீரங்கி

எங்கள் ஓக்லஹோமாப் பக்கம் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, தொடைப் பாக்கெட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிற ஜென்மங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு ஜென்மத்துக்குத்தான் என் தங்கை வெர்னா வாழ்க்கைப்பட்டாள். பெயர் டாயில் ப்ரூயிட்.

அவன் தட்டிக் காட்டுவது ஒரு குட்டிப் பிஸ்டல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் வெளியே அநாதையாகத் தொங்கும். போன இலையுதிர் காலத்தில் சந்தைத் திடலில் துப்பாக்கிக் கண்காட்சி நடந்தபோது அதைக் கொண்டுவந்தான். எதைக் கொடுத்து என்பதுதான் விஷயம். எங்கள் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொடுத்து!

அப்பா அதை எனக்குத் தரவில்லை, வெர்னாவுக்குத்தான் தந்தார். "ஹார்லன், நீ தீவன மூட்டை விக்கிறவன். உனக்கு எதுக்குடா இது? ஆடு வளக்கிறவளுக்குத்தான் வேணும்" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. வெர்னாவின் குடும்பமே அந்த ஆடுகளை நம்பித்தான் ஓடுகிறது. கொட்டகைக் கதவுக்கு மேல் ஓர் ஆணியில் அது தொங்கும். நரியோ தெருநாயோ மேய்ச்சலுக்குள் தலைகாட்டினால் எடுத்து ஒரு வேட்டு போடுவாள், மறு வேட்டுக்கு வேலை இருக்காது.

கண்காட்சியிலிருந்து அவன் திரும்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். வெர்னா வெற்று ஆணியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா துப்பாக்கி எங்க?"

"அதத்தான் கொடுத்துட்டு இத வாங்கினேன்" என்றான் டாயில். "அந்த உலக்கையத் தூக்கிக்கிட்டு தினமும் கொட்டகைக்கும் வீட்டுக்கும் அலையிற. பாவமா இருக்குல்ல? உனக்காகத்தான் வாங்கினேன்."

"எனக்காக வாங்கினது உன் பாக்கெட்ல ஏன் இருக்கு?"

"உன் ஜீன்ஸ் பாக்கெட்ல கொள்ளாதே!"

நான் வெர்னாவிடம் என் வேட்டைத் துப்பாக்கியைத் தருகிறேன் என்றேன். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வீட்டைக் காக்க எனக்குத் தெரியாதா?" என்று குதித்தான். வீட்டில் சண்டை வேண்டாம் என்று வெர்னா விட்டுவிட்டாள்.

அந்தப் பீரங்கியை அவன் ஒரே ஒரு தடவைதான் சுட்டுப் பார்த்தான், என் கடைக்குப் பின்னால், ஒரு பழைய வாளியைக் குறிவைத்து. வாளிக்கு ஒரு கீறல் இல்லை. பிஸ்டல்தான் எகிறி அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தோலைக் கிழித்தது. "பாத்தியா, என்ன வேகம்!" என்றான், ரத்தத்தைச் சப்பிக்கொண்டே.

"பழகு மச்சான். பழகினாத்தானே கைக்கு வரும்" என்றேன்.

"சுடறதுக்கா வச்சிருக்கேன்? வச்சிருக்கறதுக்கு வச்சிருக்கேன்."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு மனுஷன் வெட்கப்படவும் இல்லை. பாக்கெட்டில் அதற்குத் துணையாகப் பெப்பர்மின்ட் மிட்டாய், சூரியகாந்தி விதை, சாவிக்கொத்து, போன வருஷத்துத் தூசி எல்லாம் கிடந்தன. ஒரு தடவை ஜீன்ஸோடு துவைக்கும் மெஷினுக்குள்ளேயே போய் வந்தது. அதையும் பெருமையாக சர்ச்சில் சொன்னான். "மெஷின்ல சுத்தி வந்தும் ஒண்ணும் ஆகல. என்ன உழைப்பு பாரு!"

"ஒண்ணும் ஆகலன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பளபளன்னு இருக்கே!"

வசந்தம் வந்தது, ஆடுகள் குட்டி போட்டன. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நகரத்து ஆட்கள் வேண்டாத நாய்களை எங்கள் மண் ரோட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவை கூட்டம் சேரும், பசித்தால் ஆட்டுக்கு வரும். ஒரு சனிக்கிழமை காலை தீவனம் இறக்க நான் வெர்னாவின் வீட்டுக்குள் வண்டியைத் திருப்பியபோது மூன்று நாய்கள் வேலிக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தன. என் வண்டியில் துப்பாக்கி இல்லை. பிள்ளைகள் ஆடுமாடு வளர்த்துப் பழகும் பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்கும் தீவனம் இறக்குகிறவன் நான், அந்த வளாகத்துக்குள் அதோடு போக முடியாது.

டாயில் கேட்டருகே நின்றிருந்தான். அவன் காத்திருந்த நேரம் வந்துவிட்டது.

"வெர்னா, நீ பின்னால நில்லு! நான் பாத்துக்கறேன்!"

பாக்கெட்டுக்குள் கையை விட்டான். பிஸ்டல் வரவில்லை, பாக்கெட்டின் உள்துணிதான் வந்தது. உதறினான், விதை கொட்டியது. ஒருவழியாக எடுத்து நீட்டி ஒரு வேட்டு போட்டான். அது தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. அடுத்த அழுத்தலுக்கு வெறும் 'க்ளிக்'. மேல்பக்கத்தை இழுத்துப் பார்த்தான். பிடிக்க இடமே இல்லாத சாமான், வியர்த்த விரலுக்கு வழுக்கிக்கொண்டே போனது. அவன் இழுக்க, தொட்டி பீய்ச்ச, எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அழுத்தியபடி வண்டியை மேய்ச்சலுக்குள்ளேயே விட்டேன்.

வெர்னா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இரும்பு வேலிக்கம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு நாய்களுக்கு நடுவே ஓடினாள். நாய்கள் போய்விட்டன, ஆனால் ஓபாலைக் கிழித்துவிட்டுத்தான் போயின.

ஓபால்தான் ஆட்டுக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் கழுத்து மணி எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் மொத்த மந்தையும் போகும். குட்டிகளுக்கும் நாய்களுக்கும் நடுவில் அவள் நின்றிருக்கிறாள். வெர்னா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கடைசி மூச்சு வரை தடவிக்கொடுத்தாள். என் தங்கை அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

டாயில் ஒரு குச்சியால் பிஸ்டலைக் குடைந்துகொண்டே வந்தான். "மிட்டாய் உருகி ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இல்லேன்னா மூணையும்..."

வெர்னா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குச்சியைக் கீழே போட்டான்.

அடுத்த கண்காட்சிக்கு வெர்னா என்னைக் கூப்பிட்டாள். டாயில் வேலைக்குப் போயிருந்தான், அடைத்துப்போன பிஸ்டல் வீட்டிலேயே கிடந்தது. அவனுடைய மீன்பிடிப் படகை என் வண்டிக்குப் பின்னால் மாட்டச் சொன்னாள். அந்தப் படகை அவன் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்து வைப்பான். ஆனால் டாயிலை நம்பி எந்தப் பாங்கும் கடன் கொடுக்காததால் படகு வெர்னாவின் பெயரில்தான் இருந்தது.

அப்பாவின் துப்பாக்கியை வாங்கிய லோனி டீக் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். வெர்னா முதலில் பிஸ்டலை அவர்முன் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"அத நான் திரும்ப வாங்கறதில்லம்மா."

"நல்ல சாமான்னு சொல்லித்தானே தலையில கட்டுனீங்க?"

"விக்கிற வரைக்கும் நல்ல சாமான்தான்."

"அப்ப எங்க அப்பா துப்பாக்கி?"

"அது விக்கிறதுக்கில்ல. அதுலதான் நான் வாத்து சுடறேன்."

வெர்னா வெளியே கையைக் காட்டினாள். லோனி எட்டிப் பார்த்தார், படகைப் பார்த்தார், எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சாயங்காலம் டாயில் வந்தபோது துப்பாக்கி பழைய ஆணியில் தொங்கியது. கொட்டகைக்குப் பக்கத்தில் படகு நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடந்தது. ஓபாலின் மணியை வெர்னா அவளுடைய மூத்த குட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் படகு எங்க?"

"அதத்தான் கொடுத்துட்டு இத வாங்கினேன்" என்றாள் வெர்னா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ்வளவு பெருசக் கட்டி இழுத்துக்கிட்டு ஏரிக்கும் வீட்டுக்கும் அலையிற. பாவமா இருக்குல்ல?"

டாயில் என் பக்கம் திரும்பினான். "ஹார்லன், நீயாவது சொல்லேன்!"

நான் தீவன மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன், ரொம்ப வேலை.

வெர்னா எழுந்து வந்தாள். பிஸ்டலை எடுத்து அவன் பாக்கெட்டிலேயே போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பத்திரமா வச்சுக்க. வச்சிருக்கறதுக்குத்தானே வச்சிருக்க."