ஏழு அடிச் சுவர்

கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் தனியாக உட்காருவதற்கு விலை நாற்பத்திரண்டாயிரம். தச்சர் சொன்னது ஐம்பத்தைந்து. நான் பேசிக் குறைத்தேன். ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு அதுகூட வராவிட்டால் எப்படி?

சமையலறைக்குப் பின்னால் ஒட்டடை பிடித்துக் கிடந்த அறைக்குத்தான் இந்தச் செலவு. சாமான் வைக்க ஒரே சுவர், ஏழு அடி. அங்குலக் கணக்கில் எண்பத்து நான்கு. வாஷிங் மெஷின் இருபத்து நாலை விழுங்கிவிடும். என் முக்காலிக்குப் பதினெட்டு வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஹாலில் சோபா இருக்கிறதே என்பார்கள். சோபாவில் உட்கார்ந்தால், "சும்மாதானே இருக்கே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும்?" என்று கேட்டேன்.

கணவர் வயரிங் வேலைக்காரர். தன் டூல்ஸ் பெட்டிக்கு இருபது அங்குலம் என்றார். மாமனார் பிடித்து நடக்கிற வாக்கருக்கு இருபது. மகளின் புத்தகப் பைக்கும் ஷூவுக்கும் இருபது.

கூட்டினால் சுவர் காலி. நான் அசரவில்லை. கேட்கிறவர்கள் ஏற்றித்தான் கேட்பார்கள், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தச்சரிடம் மெதுவாக, "அண்ணே, மூணு பேருக்கும் ஆளுக்குப் பதினாலு போதும்" என்றேன்.

"அளந்து பாத்தீங்களாம்மா?"

"பாக்காமயா சொல்வேன்?"

பார்க்கவில்லை. அந்த வாரம் டேப்பைத் தேடக்கூட உடம்பில் தெம்பில்லை.

தட்டுகள் பொருத்தி முடிந்த மாலை கணவர் பெட்டியைத் தூக்கி வந்தார். நுழையவில்லை. திருப்பினார், சாய்த்தார், பிறகு கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அளந்துதானே சொன்னேன்?"

"நெசமாவே இருபதா?"

"இருபதுன்னா இருபதுதான். இதுல என்ன பேரம்?"

பதினேழு வருடம் குடும்பம் நடத்தியும் இந்த மனிதருக்கு ஏற்றிச் சொல்லத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மாமனார் தன் வாக்கரும் நுழையாததைப் பார்த்து, "பரவாயில்லம்மா, நான் சுவத்தப் புடிச்சிட்டு நடந்துக்கறேன்" என்றார். அதற்குப் பதில் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மகளுடைய சாமான்களை அளந்தேன். பன்னிரண்டே போதும்.

"ஏண்டி, எட்டு ஏத்தியா கேட்ட?"

"நீ எப்படியும் கொறைப்பேன்னு தெரியுமேம்மா."

இது மட்டும் என் ரத்தம்.

"நுழையாதத மேல் தட்டுல ஏத்திடலாமே" என்றார் தச்சர்.

"ஏத்துனா தெனமும் எறக்கறது யாருண்ணே? நான்தானே?"

மறுநாள் தட்டுகளைக் கழற்றி, அவரவர் அளவுக்கு மாட்டினார். மிச்சச் சந்தில் முக்காலியை வைத்துப் பார்த்தேன். பாதி வெளியே நின்றது, கதவைச் சாத்த முடியவில்லை.

"இது யாருக்கும்மா?" என்றாள் மகள்.

"எனக்குத்தான்."

சந்துக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். "இங்க நிக்கலாம்மா. உக்கார முடியாது."

"நிக்கறதுக்குத்தான் அடுப்படி இருக்கே."

மெஷினுக்கு இருபத்து நாலு. அவருக்கு இருபது. மாமாவுக்கு இருபது. அவளுக்குப் பன்னிரண்டு. எனக்கு எட்டு. வேண்டியது பதினெட்டு, பாக்கி பத்து.