பாத்திர மிஷினுக்கு அடியில் ஈரம்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அவர் கண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை. வீட்டிலும் வெளியிலும் ‘செக்கர்’ என்றால்தான் தெரியும். மகன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று வாரமாக மூக்கில் வேர்த்துக்கொண்டிருந்தது. மருமகள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமையலறைத் தரையைத் துடைக்கிறாள். துடைத்த துணியைக் கொடியில் போடாமல் அலமாரிக்குப் பின்னால் ஒளிக்கிறாள். தண்ணீர் குடிக்க உள்ளே போனால், “நீங்க உக்காருங்க மாமா, நானே கொண்டு வரேன்” என்று வழிமறிக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் மகன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது” என்று அவன் காதில் ஓதினாள். மறுநாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“தங்கச்சி வீட்டுல ஒரு ரெண்டு வாரம் இருந்துட்டு வாங்களேன்ப்பா.”

ரெண்டு வாரமாம். முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் மிச்சத் துணிமணியும் இன்னொரு பெட்டியில் வந்து சேரும். அப்படிப் போனவர்கள் பூங்காவில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மருமகள் அவசர அவசரமாகப் பாத்திரம் கழுவும் மிஷினை ஓடவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மகனும் போய்விட்டான். சமையலறைக்குள் நுழைந்த செக்கருக்கு உள்ளங்கால் சில்லென்றது. மிஷினுக்கு முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கிழவனுக்கு மூத்திரத்தை அடக்க முடியவில்லை, தரையிலேயே போய்விடுகிறான் என்றல்லவா நினைத்திருக்கிறார்கள்! அவமானத்தில் காது மடல் சுட்டது.

அந்த மிஷினைக் கண்டாலே அவருக்கு ஆரம்பத்திலிருந்து ஆகாது. வாங்கி வந்த அன்று, “நாலு தட்டு கழுவ ஒரு மிஷினா? கை என்ன தேஞ்சா போயிடும்?” என்று தொடங்கி ஒரு வாரம் அர்ச்சனை செய்தார். இப்போது அதுவே அவரை மாட்டிவிட்டிருக்கிறது. தண்ணீர் அதனுடையதுதான் என்று நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தரையைத் துடைத்தார். மிஷினின் கீழ்ப்பலகையில் இருந்த இரண்டு திருகாணியையும் கழற்றினார். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மறுபடி ஓடவிட்டு, கையில் டார்ச்சோடு முக்காலியில் உட்கார்ந்தார். யாரையும் முகத்தைப் பார்த்து நம்பிவிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தண்ணீர் வரும் குழாயின் மூட்டில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார், காய்ந்தே இருந்தது. அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயை நெருடினார், அதுவும் யோக்கியம். பம்புக்கு அடியிலும் பேப்பர் நனையவில்லை. இருபது நிமிஷம் கழித்து, கதவின் இடது கீழ் மூலையில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“மாட்டினியா!” என்று கத்தியேவிட்டார்.

நிறுத்திக் கதவைத் திறந்தார். கதவோரமாக ஓடும் ரப்பர் பட்டை அந்த மூலையில் மட்டும் பள்ளத்தைவிட்டுப் பிதுங்கியிருந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் கெட்டித்துக் கிடந்தன. வெந்நீரும் பழைய டூத் பிரஷுமாக முட்டி போட்டுச் சுரண்டினார். பட்டையைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பள்ளத்தில் உட்காரவைத்தார். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. புதுப் பேப்பர் விரித்து இன்னொரு தடவை முழுசாக ஓடவிட்டார். ஒரு சொட்டு இல்லை.

தரையிலேயே உட்கார்ந்து பேப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் வந்துவிட்டாள். கழற்றிய பலகையையும் அவரையும் கண்டதும் வாசலிலேயே நின்றாள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்களின் முகத்தை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அதே முகம்.

“மாமா... சொல்லணும்னுதான் இருந்தேன்...”

“என்னத்த சொல்லப் போற? இந்தா, நல்லாப் பாரு! தண்ணி இங்கேருந்துதான் வந்துச்சு. நான் ஒண்ணும் தரையை நனைக்கல. அதுக்குத்தானே என்னை என் பொண்ணு வீட்டுக்குத் தள்ளிவிடப் பாத்தீங்க?”

அவள் திருதிருவென்று விழித்தாள்.

“ஐயோ, என்ன மாமா பேசறீங்க! மிஷின் ஒழுகறது எங்களுக்கு முதல் நாளே தெரியும். மெக்கானிக் வந்தா நீங்க பாத்துடுவீங்க. வாங்கினதுக்கே ஒரு வாரம் பேசினீங்க. ரிப்பேர்னு தெரிஞ்சா ஒரு வருஷம் பேசுவீங்களேன்னு பயம். அதான் நீங்க ஊர்ல இல்லாதப்போ சரி பண்ணிடலாம்னு...”

செக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

“அப்ப என்னை வெளியே அனுப்பற எண்ணமே இல்லையாம்மா?”

“உங்களையா? அந்தத் தைரியம் எங்களுக்கு இருந்தா, மிஷின் ஒழுகுதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டோமா?”

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செக்கருக்கு வந்த நிம்மதி வந்த வேகத்தில் போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. தூக்கிவிட ஓரடி வந்தவள், தொடலாமா கூடாதா என்று பாதியில் நின்றாள்.

“பிடிம்மா,” என்று அவரே கையை நீட்டினார். அப்படியும் அவள் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடித்தாள்.