மூவாயிரம் ஓட்டில் எட்டு ஆள்

1

இந்தக் கதை என் மனச்சாட்சியில் பிறந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். பிறந்தது என் வீட்டு ஜன்னலில். எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல் முடிவு வந்த நான்காம் நாள் காலை, எதிர்வீட்டுக் காசிநாதன் தெருவில் பாவு நீட்ட ஆள் போதாமல் நின்றதைப் பார்த்தேன். பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினேன். கதை எழுதுகிறவன் முதலில் செய்கிற வேலை அதுதான்.

2

முதல் தொடக்கம்: "ஜனநாயகம் என்பது யாதெனில்..." (வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: "கோபுரத்தின் மேல் கதிரவன்..." (எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தக் கோபுரத்தில்தான் ஏறுகிறார்கள். நான் இறங்கிவிடுகிறேன்.)

மூன்றாம் தொடக்கம்: காசிநாதன் என்ற நெசவாளர் பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றார். பட்டு நூல் விலையைப் பற்றி இரண்டு பெரிய கட்சிகளும் வாய் திறக்கவில்லை என்று கோபம். சின்னம் ஒட்டகம். வாங்கியது 3,340 ஓட்டு. என் பக்கத்து வீட்டு வேலாயுதத்தின் கட்சி தோற்றது 2,106 ஓட்டில்.

இதுவே இருக்கட்டும்.

3

"எங்க ஓட்ட பிரிச்சிட்டாம்பா! ஜெயிச்சவங்க கிட்ட துட்டு வாங்கிக்கினுதான் நின்னான்" என்றார் வேலாயுதம். அந்த 3,340 பேரையும் அவர் பீரோவில் பூட்டி வைத்திருந்தது போலவும், காசிநாதன் பூட்டை உடைத்தது போலவும். ஆதாரம் கேட்டேன். "தோத்துட்டோமே சார், வேற இன்னா வேணும்?"

ஜெயித்த கட்சிக்காரர் அதே தெருப் பூவராகவன். நியாயமாக அவர் காசிநாதனுக்கு மாலை போட வேண்டும். "நான் போய் பாவு புடிச்சா, துட்டு குடுத்தது நெசம்னு ஆயிடும் சார்" என்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

(வெளியூர் வாசகருக்கு: சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. எட்டுப் பேர் அதைத் தெருவில் இழுத்துப் பிடிக்க, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுற்றி எடுக்க வேண்டும். கூலி கிடையாது, இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. ஆள் குறைந்தால் பட்டு சிக்கிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு இரண்டு மாதச் சோறு போச்சு.)

4

காசிநாதனைப் பரம சாதுவாக எழுத ஆசைதான். மனிதர் இடம் கொடுக்கவில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினார்: "எனக்கு ஓட்டு போட்டவங்க மட்டும் வந்து புடிச்சா போதும்! மத்தவங்க தயவு வாணாம்!"

"அறிவிருக்குதா உனக்கு?" என்றாள் மனைவி இந்திராணி. "போட்டவன் எவன் வருவான்? வந்தா யாருக்குப் போட்டான்னு தெருவுக்கே தெரிஞ்சிடுமே!"

ரகசிய வாக்குரிமையை இவ்வளவு கச்சிதமாக எந்த அதிகாரியும் காப்பாற்றியதில்லை.

காசிநாதனுடைய வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவன் நான். நோட்டீசு வாசகமும் என்னுடையது. ஓட்டுச் சாவடிக்குள் போய் முத்திரையைக் கையில் எடுத்ததும் நான்—

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]*

* ஓட்டை வீணாக்குவானேன் என்று தோன்றியது. 3,340 பேருக்கு அப்படித் தோன்றவில்லை.

5

முதல் முடிவு: ஒருவரும் வரவில்லை, பட்டு பாழ். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: இரு கட்சியும் ஆளுக்கொரு முனை பிடித்தன. இது சர்க்கார் விளம்பரம். இதையும் அடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஐயம்பேட்டையிலிருந்து இந்திராணியின் அண்ணன் தம்பிகள் நாலு பேர் வந்தார்கள். தம்பதியோடு ஆறு. இன்னும் இரண்டு பேர் வேண்டும். நான் வாசலுக்கு வந்தேன். பக்கத்து வாசலில் வேலாயுதம், அவரும் நெசவாளர்தானே, கை பரபரக்க நின்றுகொண்டிருந்தார்.

"நூலு போவுது சார். பாக்க முடியல."

"அப்ப போங்களேன்."

"நான் போனா ஒட்டகத்துக்குப் போட்டவன்னு ஆயிடும். நீங்க போங்க, நீங்கதான போட்டீங்க?"

"யாராச்சும் வாங்களேம்பா!" என்று அந்த முனையிலிருந்து இந்திராணி கத்தினாள்.

இங்கே பேனாவை வைக்கிறேன். இரண்டு வாசலிலும் இரண்டு பேர், ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். யாரை முதலில் இறக்குவது என்பது உங்கள் பொறுப்பு. இரண்டு பேரையும் சேர்த்தே இறக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். அதற்குப் பெயர் கூட்டணி. பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.