வட்டத்தில் சொல்லக் கூடாத சொல்

பொய் சொல்வானேன், சகாதேவன் அவமானப்படுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான் அன்று வேங்கிக்கால் மண்டபத்துக்குப் போனேன்.

அவருடைய மனநல மையத்தில் பன்னிரண்டு வருடம் உளவியலாளராக இருந்தேன். குடிகாரக் கணவன்களால் நொந்துபோன பெண்களுக்குத் தனித்தனியாக ஆலோசனை சொல்லிப் பலனில்லை என்று கண்டு, வட்டமாக உட்காரவைத்துப் பேசவைத்தது நான். பிறகு பள்ளிப் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்து படிக்கவும் வழி செய்தேன். ஒரே ஒரு சட்டம்தான்: வட்டத்தில் 'நாங்க' என்று சொல்லக் கூடாது. எதிரே இருப்பவரை வெளியே தள்ளுகிற சொல் அது. 'நான்' என்று சொல்லலாம், 'நாம' என்று சொல்லலாம். தவறினால் அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொன்ன பிறகுதான் மேலே பேச முடியும்.

எல்லாவற்றையும் தன் பெயரில் புத்தகமாகப் போட்டுக்கொண்டார் மனுஷன். ஏன் என்று கேட்டதற்கு என்னை வேலையை விட்டுத் துரத்தினார். அன்று கல்வி அதிகாரி அருணாதேவி கையெழுத்துப் போட்டால் அந்தப் புத்தகம் திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் போய்விடும். அப்புறம் என் பெயர் ஜென்மத்துக்கும் வராது.

வட்டத்தை நடத்திக் காட்டும் டெமோவுக்கு ஆள் கேட்டார்கள். என் முதல் குழுவில் இருந்த பாஞ்சாலை, இன்னும் நாலு பெண்கள், நான் என ஆறு பேரும் போய் அவரோடு வட்டமாக உட்கார்ந்தோம். சகாதேவனுக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் சமாளித்துச் சிரித்தார்.

"இந்த முறைய நாங்க பாடுபட்டு உருவாக்கினோம்…"

"நில்லுங்க சார்," என்றாள் பாஞ்சாலை. "வட்டத்துல 'நாங்க' கிடையாது. திருத்திச் சொல்லுங்க, அப்புறம்தான் மிச்சம்."

மண்டபமே சிரித்தது. "நான்…" என்று தொடங்கினார். யார் செய்தது என்று தெரிந்த ஆறு பேர் எதிரே இருக்கையில் அந்தப் பொய் வாயை விட்டு வரவில்லை.

"நாம… நாம உருவாக்கினோம்."

"நாமன்னா யார் யாரு சார்?" என்று விடாமல் கேட்டேன். "பேரச் சொல்லுங்க."

"தமிழ்செல்வி," என்று என் பெயரைத் தரையைப் பார்த்துச் சொன்னார். "பாஞ்சாலை… இவங்கல்லாம்."

அருணாதேவி கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவைத்தார். அதைப் பார்த்ததும் சகாதேவன் என் பக்கம் திரும்பினார்.

"நாம சேர்ந்துதானேம்மா செஞ்சோம்? சொல்லும்மா."

அப்பாடா, அந்தக் கெஞ்சல்! வயிற்றெரிச்சல் மொத்தமும் ஆறியது. நான் போட்ட சட்டத்தை நானே மீறினேன்.

"இல்ல சார். நாங்க செஞ்சோம்."

யாரும் என்னைத் திருத்தவில்லை.