பிடி அரிசி

“குடு இப்டி. வழக்கம்போல நானே எடுத்துக்கினு போயிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“தெரியணும்க்கா. அதுக்குத்தான் சொல்றேன். இந்த வாட்டி நானே கொண்டாறேன்.”

“இன்னாடி பேசற நீ? உன்ன கேட்டுக்குள்ள உடுவாங்களான்னு மொதல்ல பாரு.”

“அந்தக் கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சதே எங்கப்பாதான். போக்கா, நீ வேற.”

ஜெயம்மாள் இடுப்பிலிருந்த கோணியை இறக்கித் தரையில் வைத்தாள். சபையின் பெண்கள் சங்கத்துக்காக வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்குகிறவள் அவள். கொடுக்க மறந்தவர்களை அதட்டி வாங்கியிருக்கிறாள். இல்லாதவர்கள் வீட்டில் வாங்கியதுபோல் பாவனை செய்துவிட்டு வந்திருக்கிறாள். கையில் அரிசியை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிற வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். எதிரே தறிக்குழிக்குப் பக்கத்தில் சுகிர்தம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் டின். அவளுடைய ஒன்றரை வயது மகள் டின்மேல் ஏறி உட்காரப் பார்த்து, வழுக்கி, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது.

சமைக்க அளந்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பது சபை வீடுகளின் வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை அது ஏழைகளுக்குப் போகும். டிசம்பர் மாதத்து அரிசி மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆலயத்து வராந்தாவில் ஒரே பாயில் கொட்டப்படும். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அன்பின் விருந்து. பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்து வேகும் சோறு அது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அப்படி இருந்தால்தான் கிறிஸ்துமஸ். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் எழுதிவைத்திருந்த அந்த வருடத்தில், கடைகளில் ரூபாயை நீட்டினாலும் அரிசி இல்லாத அந்த வருடத்தில்கூட, ஜெயம்மாளின் கோணி முக்கால்வாசி நிறைந்துதான் இருந்தது.

சுகிர்தத்தின் டின்னுக்கு அந்தக் கோணியில் இடமில்லை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவள் தணிகாசலத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். தணிகாசலம் நெசவாளி, சபையைச் சேராதவன், கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். அடுத்த மாதமே அவளைச் சபை ஒழுங்கின்கீழ் வைத்தார்கள். ஆராதனைக்கு வரலாம், வாசலோரம் உட்காரலாம். நற்கருணை கிடையாது. அவள் கையிலிருந்து காணிக்கை வாங்கக் கூடாது. விருந்தில் இலை இல்லை. கமிட்டியில் எழுந்து நின்று இந்தத் தண்டனையைக் கேட்டவன் சபைச் செயலர் அப்பாதுரை வாத்தியார். அவன் சுகிர்தத்தின் சொந்த அண்ணன். அப்பா செத்தபிறகு அவளைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே கேட்டுவிட வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான். அது சுகிர்தத்துக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர மன்னிக்க முடியவில்லை.

போதகர் நல்ல மனிதர். ஒருநாள் வீடு தேடி வந்து, தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, “சபை முன்னாடி எழுந்து நின்னு, நா செஞ்சது பாவம்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. அதோட முடிஞ்சுது” என்றார். சுகிர்தம் அவருக்குக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “பாவம்னா அத்த உட்டுடணும் இல்லீங்களா, ஐயா? நா எத்த உடறது? இவரையா, இந்தப் புள்ளையையா?” அவர் காபியைக் குடித்தார். தணிகாசலத்தின் தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

ஆனாலும் அவள் ஒரு நாள்கூட ஒரு பிடி எடுத்துவைக்கத் தவறியதில்லை. பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது மாமியார் அங்கம்மாள்தான் எடுத்துப் போட்டாள். ஜெயம்மாள் பின்கட்டு வழியாக வந்து, முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு போய்க் கோணியில் கலந்துவிடுவாள். இரண்டு கிறிஸ்துமஸ் அப்படியே போயிற்று.

“உங்கண்ணன் போன வருசம் இன்னா சொன்னாரு தெரியுமா?” ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “‘இந்தச் செவப்பு அரிசி யார் வூட்டுது? நல்ல ருசியா இருக்குதே, இன்னும் கொஞ்சம் போடு’ன்னாரு. நா வாளியத் தூக்கிக்கினு அந்தாண்ட போயிட்டேன்.”

அங்கம்மாளின் தம்பிக்கு வாலாஜாபாத் பக்கத்தில் காணி நிலம் உண்டு. அங்கிருந்து வருகிற சிவப்பரிசி அது. ஊசியாக நீளமாய், காவி நிறத்தில்.

சுகிர்தம் சிரிக்கவில்லை. உள்ளே ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அங்கம்மாள்தான் பதில் சொன்னாள். “நல்லா இருக்குதும்மா உங்க நாயம். அரிசிய மட்டும் கமுக்கமா வாங்கிக்கினு போறீங்க. அரிசி குடுத்தவளுக்கு ஒரு இலை போட மாட்டீங்களா?” இதை அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் அது சுகிர்தத்துக்குக் குத்தலாகப் பட்டது. பிறகு ஒருநாள் உலைக்கு முன்னால் கையில் பிடி அரிசியோடு நின்றபோது, அது தன்னுடைய கேள்விதான், இத்தனை நாள் கேட்காமல் விட்டது தான்தான் என்று பட்டது. திருடின பொருளைப் போல ஏன் பின்கட்டு வழியாகக் கொடுக்க வேண்டும்?

“நாளைக்கு வர்றேன்க்கா” என்றாள். ஜெயம்மாள் கோணியைத் தூக்கிக்கொண்டு, “கர்த்தரே, என்ன மாட்டி உடாதேயும்” என்று முணுமுணுத்தபடி போனாள்.

மறுநாள் காலையில் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகிர்தம் கிளம்பினாள். தெருவில் தறிக்கான பாவு நீட்டியிருந்தார்கள். குறுக்குக் கழிகளின்மேல் அரக்கு நிறப் பட்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுத்திருந்தது. அதை ஒட்டிச் சுவரோரமாகவே நடந்தாள். வாசல்களில் மார்கழிக் கோலங்களில் பூசணிப்பூ இன்னும் வாடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நூலகத்துப் புத்தகங்களாகப் படித்துத் தீர்த்தவள். எங்கோ தூர தேசத்து எழுத்தை யாரோ தமிழில் எழுதிய தடித்தடியான கதைகள். செய்தித்தாள் படிக்க வந்த தணிகாசலம், “அம்மாம் பெரிய பொஸ்தகத்துல அப்டி இன்னாதான் இருக்குது?” என்று கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தக் கதைகளில் கிறிஸ்துமஸ் இரவில் யாராவது பனியில் நின்று கதவைத் தட்டுவார்கள். உள்ளேயிருந்து ஒருவர் மெழுகுவத்தியோடு வந்து திறப்பார். காஞ்சிபுரத்து ஆலயத்தின் கதவைத் தட்டத் தேவையே இல்லை, பகலெல்லாம் திறந்தேதான் கிடக்கும். திறந்திருக்கிற கதவுக்கு வெளியே இரண்டரை வருடம் நிற்பதை எந்தக் கதையிலும் அவள் படித்ததில்லை.

சந்தை முனையில் வாழையிலைக் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈர இலையின் வாசனை வந்ததும் அவள் நடை தானாகவே தயங்கியது. விருந்தில் இலை போடுவது அவர்கள் வீட்டு வேலை. அப்பா இருந்தவரை அப்பா, பிறகு அண்ணன். சின்னப் பெண்ணாக அவள் சொம்போடு முன்னால் போய்த் தரையில் தண்ணீர் தெளிப்பாள், தெளித்த இடத்தில் அண்ணன் இலை போட்டுக்கொண்டு வருவான். அவள் வேகமாகப் போனால், “ஏய், மெதுவா போடி, தரை காஞ்சிடப் போவுது” என்று பின்னாலிருந்து கத்துவான். வேண்டுமென்றே அவள் ஓடுவாள்.

வராந்தாவில் பாயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலை தூக்கிப் பார்த்தார்கள். சுகிர்தம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். யாரிடமும் கேட்கவில்லை. மூடியைத் திறந்து டின்னைக் கவிழ்த்தாள். மழை தொடங்குகிற சத்தத்தோடு அரிசி விழுந்து, வெள்ளைக் குவியலின் உச்சியில் காவி நிறமாகச் சரிந்தது. அடியில் ஒட்டியதையும் தட்டிப் போட்டாள்.

காகித நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த அப்பாதுரை, விரலெல்லாம் பசையோடு உள்ளேயிருந்து வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை.

“ஜெயம்மா, அத்த எடுத்துக்கினு போவச் சொல்லு.”

“எத்த வாத்தியாரே?”

“இப்ப கொட்டின அரிசிய.”

ஜெயம்மாள் அவனைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். பிறகு வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு கையையும் குவியலுக்குள் ஆழமாக விட்டு அடியோடு புரட்டினாள். ஒருமுறை, இன்னொரு முறை. காவி நிறம் வெள்ளையில் போய், குவியல் முழுக்கப் புள்ளிபுள்ளியாக ஆனது. “எது வாத்தியாரே? காட்டுங்க, பொறுக்கிக் குடுத்துடறேன்” என்றாள்.

“அட, இது போன வருசத்து அரிசியாச்சே!” பாயோரம் உட்கார்ந்திருந்த கிழவி பொன்னியம்மாளுக்குக் கண் மங்கல், வாய் மட்டும் தெளிவு. இரண்டு அரிசிமணியைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தாள். “நீகூட ரெண்டாம் வாட்டி கேட்டு வாங்கித் துன்னியே அப்பாதுர. அதுக்கு முந்தின வருசமும் இருந்துது.”

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அப்பாதுரை அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றான். “ரெண்டு வருசமாவா?” என்றான், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாதவனைப் போல.

“ரெண்டு வருசமா” என்றாள் சுகிர்தம்.

அவன் திரும்பி உள்ளே போனான். காலி டின்னோடு அவள் படியிறங்கினாள். கனமில்லாத இடுப்பு என்னவோ போலிருந்தது. அரிசி உள்ளே போய்விட்டது, அவள் இன்னும் வெளியேதான்.

“கொட்டினியா?” என்று வாசலிலேயே கேட்டாள் அங்கம்மாள்.

“கொட்டிட்டேன்.”

“இலை?”

“நாளைக்கு.”

தணிகாசலம் தறியை நிறுத்தினான். “நானும் வரட்டாம்மே?”

“வோணாம். நீ வந்தா சண்டைக்கு வந்தாங்கன்னு சொல்வாங்க. நா சாப்பிடத்தான் போறேன்.”

“அப்ப நல்லா பசியோட போ” என்றான்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் வாசலோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மனப்பாடமாய்த் தெரிந்த பாட்டுகளை யாருக்கும் குறையாத குரலில் பாடினாள். மற்றவர்கள் நற்கருணைக்கு எழுந்து போனபோது குழந்தை அவர்கள் பின்னால் தத்தித் தத்தி ஓடியது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆசீர்வாதம் முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு புங்கமரத்தடிக்கு நகர்ந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் கேட்டைப் பார்த்து நடப்பாள். இன்றைக்கு மரத்தடிக்கு நடந்தாள். பெண்கள் பந்தியில் பொன்னியம்மாளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. போய் உட்கார்ந்து, குழந்தையைத் தொடையில் இருத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்துப் பெண் நகர்ந்து உட்காருவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் முழங்கால் சுகிர்தத்தின் முழங்காலில் பட்டபடியே இருந்தது.

அடுப்புப் பக்கமிருந்து சோற்று வாளியோடு ஜெயம்மாள் வந்து வரிசையின் தலைமாட்டில் நின்றாள். ஆவிக்கு நடுவில் வெள்ளையும் காவியுமாகச் சோறு. பரிமாற அவள் அவசரப்படவில்லை. போதகர் ஜெபத்துக்குக் கைகூப்பி, எல்லா இலையும் விழட்டும் என்று காத்திருந்தார்.

அப்பாதுரை இடது கையில் இலையடுக்கோடு வரிசையில் வந்துகொண்டிருந்தான். முன்னால் தண்ணீர் தெளிக்க யாரும் இல்லை. ஒவ்வொரு இலைக்கும் அவனே குனிந்து, சொம்பிலிருந்து தெளித்து, இலையை விரித்து நகர்ந்தான். பொன்னியம்மாளுக்குப் போட்டான். சொம்பை அங்கேயே வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அடுத்த அடி எடுத்துவைக்கவில்லை. அவனுடைய வேட்டிக் கரையும் பாதமும்தான் சுகிர்தத்துக்குத் தெரிந்தது. கால் கட்டைவிரல் நகத்தில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பந்தியில் இலை விழுந்தவர்கள் ஒருவரும் இலையைத் துடைக்கவில்லை. எல்லார் கையும் மடியிலேயே இருந்தது.

கெஞ்சக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். கெஞ்சவில்லை. கையை நீட்டிச் சொம்பை எடுத்தாள். தன் முன்னாலிருந்த வெறுந்தரையில் பழைய பழக்கத்தில் ஒரே வீச்சாகத் தண்ணீர் தெளித்தாள். புழுதி அடங்கி மண்வாசனை எழுந்தது. குழந்தை ஈரத்தில் உள்ளங்கையை வைத்துப் பட்பட்டென்று அடித்தது.

அவள் தலையை நிமிர்த்தி, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தரை காஞ்சிடப் போவுது. இலை போடுண்ணா.”