பெண் வருமுன் ஊதிய கொம்பு

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊரில் பட்டு வியாபாரி வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. நூற்றிருபது வருஷத்து வீடு. பள்ளிக்கூடமாக இருந்தது, பருத்திக் கிடங்காக இருந்தது, கடைசியில் புறாக்கள்தான் குடியிருந்தன. சுன்னத்துல்லா அதை வாங்கிப் புதுப்பித்துக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. விசேஷங்களைக் கூட நின்று நடத்துகிறவள் மஹ்லியோ. எனக்கும் அங்கேதான் வேலை, புலாவ் அண்டாவோடு.

அன்று எர்காஷ் மகனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணை மூன்று மணிக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நண்பகலுக்குள் முற்றம் நிறைந்துவிட்டது.

முற்றத்தைப் பார்த்த மேல்மாடம் முழுக்க நீலப் பெயிண்ட் அடித்த மரம். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று தச்சர் நுர்மத் சொல்லியிருந்ததால் மஹ்லியோ படிக்கட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி வைப்பாள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வீடியோ எடுக்க மேலே ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையோடு முப்பது பேர். தோளில் கைபோட்டுக் குதித்து ஆடினார்கள்.

மாடத்துக்கு நேர் கீழே பெண்களின் மேஜைகள். தேநீர் வைக்கப் போன மஹ்லியோ, ரொட்டியின் மேல் நீலத் தூள் கிடப்பதைப் பார்த்தாள். விரலில் ஒற்றிப் பார்த்தால் பெயிண்ட். நிமிர்ந்தாள். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. காலையில் அது இல்லை.

நேரே எர்காஷிடம் போனாள்.

"அண்ணே, மேல இருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா இறங்கச் சொல்லுங்க. உத்தரம் விலகுது."

"நூறு வருஷமா நின்ன வீடு, என் மகன் கல்யாணத்துலதான் விழப்போகுதாக்கும்? ஆசையா ஆடுறாங்க, விடும்மா. கண்ணு வைக்காத."

தாஷ்கண்டில் இருந்த சுன்னத்துல்லாவுக்குப் போன் போட்டாள். எர்காஷ் பெரிய இடம், அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவள் கத்தியிருக்கலாம். ஆனால் படிக்கட்டில் ஒரு ஆள்தான் இறங்க முடியும். முப்பது பேரும் பதறி அந்தப் பக்கம் முண்டினால், அத்தனை பாரமும் அதே உத்தரத்தின் மேல் விழும். கீழே மடியில் குழந்தைகளோடு ஐம்பது பெண்கள். அவள் என் அடுப்பருகே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெண் வரும்போது கொம்பு ஊதும் ஹம்தம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஹம்தம் அண்ணே, கொம்ப எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போங்க. பொண்ணு வந்துட்டான்னு ஊதுங்க."

"பொண்ணே வரலயே. வராம ஊதினா அபசகுனம்மா."

"பாவம் என்னோட போகட்டும். ஊதுங்க."

ஹம்தம் ஒருமுறை மேலே பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் கொம்பு முழங்கியது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, இறைக்க வேண்டிய மிட்டாய்த் தட்டுகளோடு தெருவுக்கு விரைந்தார்கள். மேலே ஆட்டம் நின்றது. படிக்கட்டின் அடியில் மஹ்லியோ நெஞ்சில் கைவைத்துச் சிரித்தபடி நின்று, ஓட வேண்டாம், பெண் வண்டியை விட்டு இறங்க நேரமாகும் என்று ஒவ்வொருவரையும் நிதானப்படுத்தினாள். அடிக்கு அடி மரம் முனகியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபத்தொன்பது.

மாப்பிள்ளை இறங்கவில்லை. மாடத்தின் கடைசியில், போன் கண்ணாடியில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தான். மஹ்லியோ ஏறினாள்.

"மாப்ள, எதுவும் கேக்காதீங்க. சுவர ஒட்டி எங்கிட்ட வாங்க."

அவள் முகத்தைப் பார்த்தவன் எதுவும் கேட்காமல் நகர்ந்தான். பாதி தூரம் வந்திருப்பான். படீரென்று ஒரு சத்தம். தளம் ஒரு சாண் இறங்கிச் சாய்ந்தது. சறுக்கியவனின் இடுப்புக் கச்சையை அவள் எட்டிப் பிடித்தாள். இருவரும் படிகளில் உருண்டு கீழே வந்து விழுந்தார்கள்.

வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எர்காஷ், ஊர் முன்னால் தன்னைக் கோமாளியாக்கிவிட்டாள் என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். சாய்ந்த தளத்தையும் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த மகனையும் கண்டதும் சத்தம் அடங்கியது. நுர்மத்தை வரவழைத்தார்கள். அவர் ஏணி போட்டு ஏறி, உடைந்த உத்தரத்துக்குள் கையை விட்டார். முழங்கைவரை போனது.

"உள்ள ஒண்ணுமே இல்ல. பெயிண்டுதான் இத்தன நாளா தாங்கியிருக்கு."

எர்காஷ் தானே ஒரு மேஜையைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மூன்று மணிக்குப் பெண் வந்தபோது விருந்து பாதாமி மரங்களுக்கு அடியில் தயாராக இருந்தது. மஹ்லியோவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையாலேயே தேநீர் ஊற்றினாள்.

மறுநாள் சுன்னத்துல்லா வந்து, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி என்று மஹ்லியோவிடம் ஆரம்பித்தார்.

"சொன்னேன். நீங்க போன வச்சிட்டீங்க," என்றாள். மாடத்தில் யாரும் ஏற முடியாதபடி அந்தப் படிக்கட்டைக் கழற்றாதவரை இனி ஒரு விசேஷத்துக்கும் நிற்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் நுர்மத் உளியோடு வந்தார்.